ஏழு நாள் பாஸ்

ஜப்பானில் தனியே பயணிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டார்: "மொழி தெரியாமல் எப்படி மகள்?" என் தைரியமெல்லாம் ஏழு நாள் ரயில் பாஸ்தான். 2023 ஒக்டோபரில் அதன் விலை 29,650 யெனிலிருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா போய்வர மட்டும் என்றால் தனிச்சீட்டே மலிவு, சகோதரிகளே. கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

டோக்கியோவில் 'நொசோமி' ரயில் புறப்பட நின்றது. பாஸைக் கையில் பிடித்தபடி ஓடினேன். வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் அதைப் பார்த்ததும், இரு கைகளையும் பெருக்கல் குறிபோல் குறுக்கே வைத்துக் காட்டினார். நொசோமிக்கு மேலதிகப் பணம் கட்டவேண்டுமாம். 'ஹிகாரி' நிற்கும் மேடைக்கு அவரே அழைத்துச் சென்றார். அதில் ஷின்-ஒசாகா வரை, பிறகு 'சகுரா'வில் ஹிரோஷிமா. மியாஜிமா தீவுக்கு ஜே.ஆர். படகும் பாஸில் அடக்கம். 100 யென் வருகை வரி மட்டும் தனி.

எனக்குத் தெரிந்த 'அரிகாதோ'வைச் சொல்லித் திரும்பினேன். அவர் ஏறவேண்டிய நொசோமி போய்விட்டிருந்தது.