கத்திரி வெயிலில் கத்தரிச் செடி

நுழையும்முன்
மொட்டை மாடியில் வைத்த சில பழைய வாளிகளும் ஒரு கோடையும் ஆசிரியர் ஒருவருக்குக் கற்பித்தவை இக்கட்டுரையில் பதிவாகியுள்ளன.

திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றியபின், 2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அம்மா சென்னைக்கு வந்து என்னுடன் தங்கினார். கிணற்றடியில் கீரையும் கத்தரியும் வளர்த்துப் பழகிய கைகள் அவருடையவை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருடைய பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. அதைக் கண்டு, மொட்டை மாடியில் ஒரு தோட்டம் அமைக்க எண்ணினேன். தொட்டிகள் வாங்கவில்லை. பெயிண்ட் தீர்ந்த வாளிகள் மூன்று, எண்ணெய்த் தகரங்கள் இரண்டு, வாய் உடைந்த ஞெகிழிக் குடம் ஒன்று ஆகியவை வீட்டிலேயே இருந்தன. அவற்றில் செம்மண்ணும் எருவும் நிரப்பிக் கத்தரி, தக்காளி நாற்றுகளை நட்டேன்.

பத்து நாளில் நாற்றுகள் வாடின. நீர் போதவில்லை எனக் கருதி நண்பகலிலும் ஊற்றினேன். மண் ஈரமாகவே இருந்தது. செடிகளோ சாய்ந்துகொண்டே இருந்தன. மாடியேறி வந்த அம்மா, தகரத்தின்மீது உள்ளங்கையை வைத்து உடனே எடுத்துக்கொண்டார்.

"இதைத் தொட்டுப் பார்த்தாயாப்பா? அடுப்பில் ஏற்றிய சட்டிபோல் இருக்கிறது. உள்ளே வேர் வெந்துபோகாதா?" என்றார்.

நான் இலையைத்தான் பார்த்திருந்தேன். கலத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. நிலத்தில் வளரும் செடியின் வேரைச் சுற்றி ஆழம்வரை குளிர்ந்த மண் இருக்கிறது. கலத்திலோ நாற்புறமும் ஏறும் வெப்பம் விரைவில் வேரை எட்டிவிடுகிறது. மேலும், என் வாளிகளின் அடியில் துளையே இல்லை. தேங்கிய நீரில் வேர்கள் காற்றின்றி அழுகின.

மீண்டும் தொடங்கினோம். கலங்களின் அடியில் ஆணியால் துளைகள் இட்டோம். தளத்தின் சூடு தாக்காதவாறு செங்கற்களின்மேல் அவற்றை ஏற்றினோம். நனைத்த கோணியை வெளிப்புறம் சுற்றினோம். அதன் ஈரம் ஆவியாகும்போது கலத்தின் சூட்டையும் தணித்தது. மண்ணின்மேல் தென்னை நாரையும் சருகையும் மூடாக்காகப் பரப்பினோம். மேற்கு வெயிலை அம்மாவின் பழைய பருத்திச் சேலை தடுத்தது.

அக்கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டன. தண்ணீர் லாரிக்காக விடியும் முன்பே தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன. எதிர்வீட்டு அம்மையார் ஒருநாள், "குடிக்கவே தண்ணீர் இல்லை, செடிக்கு ஊற்றுகிறீர்களே, சார்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அம்மா அன்றே ஒரு விதி வகுத்தார்: லாரித் தண்ணீரில் ஒரு குவளைகூட மாடிக்கு ஏறக்கூடாது. அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை மட்டும் சேர்த்துவைத்துப் பொழுது சாய்ந்தபின் ஊற்றினோம். அந்த நீர் நான்கு செடிகளுக்கே போதுமாக இருந்தது. தக்காளியில் பூத்த பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. கடும் வெப்பத்தில் அதன் மகரந்தம் வலுவிழந்துவிடும். தக்காளிச் செடிகள் இரண்டையும் அம்மா தம் கையாலேயே பிடுங்கினார். அன்று இரவு அவர் சரியாக உண்ணவில்லை.

ஆனி மாதத்தில் கத்தரி காய்த்தது. முதல் பறிப்பில் ஏழு காய்கள் கிடைத்தன. அவற்றுள் மூன்றை எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார் அம்மா. மறுநாள் மாலை எங்கள் வாசலில் ஒரு சிறு வாளி இருந்தது. அதில் அரிசி கழுவிய நீர் நிரம்பியிருந்தது.