நீலமலையில் கிராம ராஜ்யம்

நீலகிரிக்குப் போய் வந்தவர்களை, அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், தாவரவியல் தோட்டம், ஏரி, தொட்டபெட்டா, குன்னூர் சிம்ஸ் பூங்கா என்று வரிசையாக ஒப்புவிப்பார்கள். 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகமண்டலம் வரையிலும் ஏறிய மலை ரயிலைப் பற்றிக் குழந்தைகள் ஒரு வாரம் ஓயாமல் பேசுவார்கள். ஆனால், தேயிலைச் சரிவுகளின் நடுவே வெள்ளையடித்த சிறு கட்டடம் ஒன்றைப் பார்த்ததாக ஒருவரும் சொல்வதில்லை. அதுதான் கிராமப் பஞ்சாயத்து ஆபீஸ். 'அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று நேயர்கள் கேட்கலாம். சுயராஜ்யம் என்ற பெரிய வார்த்தை கடைசிப் படியில் எப்படி நடமாடுகிறது என்பதை அங்கேதான் பார்க்கலாம்.

இந்த ஜில்லாவில் கிராமப் பஞ்சாயத்துக்கள் 35 தான். சமவெளி ஜில்லாக்களில் நூற்றுக்கணக்கில் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் வேலையும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. சமவெளியில் கிராமம் என்றால் கோயில், குளம், நாலு தெரு என்று ஓரிடத்தில் அடங்கியிருக்கும். மலையில் ஒரு பஞ்சாயத்து என்பது படகர்களின் ஹட்டிகள் சில, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள் சில, காலனிகள் சில, ஆதிவாசிக் குடியிருப்பு ஒன்றிரண்டு எனப் பல திசைகளில் சிதறிக் கிடப்பது. எதிர்ச் சரிவில் கைக்கெட்டுவது போல் தெரியும் ஊருக்குப் போகப் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். தெங்குமரஹடா என்னும் பஞ்சாயத்தோ மலையடிவாரக் காட்டில் இருக்கிறது. அவ்வூரார் மாயாற்றைப் பரிசலில் கடந்து, பவானிசாகர் வழியாகச் சுற்றியே தங்கள் ஜில்லாவின் தலைநகருக்கு ஏறி வந்திருக்கிறார்கள்!

ஊர்க் காரியத்தை ஊரே கவனிப்பது இம்மலைக்குப் புதிதன்று. தொதநாடு, மேக்குநாடு, பொரங்காடு, குந்தெ என்று நாலு சீமைகளாகப் பிரிந்திருந்த படகர்களுக்கு ஹட்டிக்கு ஒரு கௌடர், சீமைக்கு ஒரு கௌடர் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. சமவெளியில் உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை நாம் பெருமையுடன் பேசுகிறோம். ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. கௌடர் பதவி பரம்பரையாக வருவது. பஞ்சாயத்துத் தலைமை வாக்கினால் வருவது. கொழுந்து பறிக்கும் பெண்மணியும் இன்று அந்த நாற்காலியில் அமரலாம். 2016-ல் செய்த திருத்தத்தினால் தமிழ்நாட்டின் உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு உரியதாயிற்று.

ஆபீஸுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். மேஜை மேல் வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம் என்று கணக்குப் புஸ்தகங்கள். பாங்கிக் கணக்குகள் மூன்று: பொதுச் செலவுக்கு ஒன்று, மின்சார, தண்ணீர்ச் செலவுக்கு ஒன்று, சர்க்கார் திட்டங்களுக்கு ஒன்று. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பது 1994-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தின் ஏற்பாடு. இருவருக்கும் மனஸ்தாபம் வந்தால் தெருவிளக்கு எரிவதும் சந்தேகந்தான்.

பத்து மணிக்கு ஒரு பாட்டி படியேறி வருகிறாள். "தம்பி, மூன்று நாளாகக் குழாயில் காற்றுத்தான் வருகிறது" என்கிறாள். செயலாளர் உடனே டேங்க் ஆபரேட்டருக்குச் சொல்லியனுப்புகிறார். மலையில் தண்ணீர் என்பது சோலை ஊற்றிலிருந்து குழாய் வழியே இறங்கி வருவது. வழியில் காட்டெருமை மிதித்தாலும் மண் சரிந்தாலும் குழாய் உடையும். உடைந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் நடக்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் பிறகு மாலையில் தண்ணீர் வந்தால், அன்றைய ராஜாங்கம் செவ்வையாக நடந்தது என்று பொருள்.

எஸ்டேட் லைன்களின் நிலை இன்னும் சிக்கலானது. வீடு, குடிதண்ணீர் முதலியவை முதலாளியின் கடமை என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. லைனில் வசிப்பவர் பஞ்சாயத்தின் வாக்காளர். அவர் நடக்கும் பாதையோ கம்பெனியின் நிலம். பாதை பழுதானால் துரை ஆபீஸ் பஞ்சாயத்தைக் காட்டும். பஞ்சாயத்து துரை ஆபீஸைக் காட்டும். 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்து இம்மலையில் குடியேறிய நம் சகோதரர்களில் பலர் இந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள்.

கிராம சபை கூடும் நாட்களைக் கவனித்தால் மலையின் வருஷம் முழுவதும் தெரியும். ஜனவரி 26-ல் உறைபனியில் கருகிய பயிரைப் பற்றிய பேச்சு. மே 1-ல் வசந்த கால யாத்திரீகர்கள் எறிந்த குப்பை. ஆகஸ்டு 15-ல் கூடலூர்ப் பக்கத்துத் தென்மேற்கு மழை. அக்டோபர் 2-ல், வரப்போகும் மழைக்குமுன் வாய்க்கால் தூர் வாரியாயிற்றா என்ற கேள்வி. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்ந்தன. முன்னது ஊற்றுக்கள் வற்றும் சமயம். பின்னது குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் மண் சரியும் சமயம். 2009 நவம்பரில் பெய்த பேய் மழையில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இம்மலையில் மாண்டதை ஜனங்கள் மறக்கவில்லை. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எந்த ஓடையை மறிக்கலாகாது என்பது அவர்களுக்கு உயிர் விஷயம்.

அப்படியிருக்க, நாற்காலியே காலியானால் என்ன ஆகும்? 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்த பிறகு, 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் மீண்டும் தனி அதிகாரிகளிடம் போயிற்று. அதிகாரி திறமைசாலியாகவும் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் பல ஊர்களுக்குப் பொதுவானவர். மாற்றல் உத்தரவு வந்தால் போய்விடுவார். தலைவரோ அதே குழாயில் தண்ணீர் பிடிப்பவர். அதே டீக்கடையில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டும் உரிமை ஊராருக்கு உண்டு. அந்தக் கதவுதான் கிராம ராஜ்யம். அது இல்லாவிட்டால் கணக்குப் புஸ்தகம் இருக்கும், கட்டடம் இருக்கும், ராஜ்யம் இராது.

1934-ல் காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையின் நடுவே குன்னூரில் சில நாள் தங்கினார். கிராமம் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்வதே உண்மையான சுயராஜ்யம் என்பது அம்மகான் கண்ட கனவு. அடுத்த முறை நீலகிரிக்குச் செல்லும் அன்பர்கள், பூங்காவைப் பார்த்த பிறகு ஒரு நாழிகை ஒதுக்கி, பஞ்சாயத்து ஆபீஸ் ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். திரும்புகையில் காலிப் புட்டிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். ஊருக்குத் திரும்பியதும், உங்கள் தெருக் குழாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று விசாரியுங்கள். பெயர் உடனே நினைவுக்கு வராவிட்டால், கிராம ராஜ்யத்தின் வேலை உங்கள் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது.