பெருவிரலும் துலாவும்

1997இல் சோனி நிறுவனம் பெருவிரற் கோல்கள் இரண்டு பொருத்திய கொன்ட்ரோலரை வெளியிட்டது. இன்று சுடும் விளையாட்டுகளில் இடக்கோல் நடப்பதற்கு, வலக்கோல் குறிபார்ப்பதற்கு. வெக்ஸ்போர்ட்டில் நம் மாணவர் சிலர் வலக்கோலின்மேல் உயர்ந்த குமிழொன்றைப் பொருத்துகின்றனர். "சேர், இது இருந்தால் குறி தப்பாது" என்றான் ஒருவன். காரணம் வினவினேன், விடை வரவில்லை.

விடை பௌதிகத்தில் உண்டு. கோலின் நீளம் இருமடங்கானால், அதே கோணம் சரிவதற்கு விரலும் இருமடங்கு தூரம் நகரவேண்டும். எனவே விரலின் சிறு நடுக்கம் திரையிற் பெரும் பிழையாவதில்லை. ஆயினும், விரைந்து திரும்புவது கடினமாகும்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நம் முன்னோர் மிதித்த துலாவும் இந்நெம்பு விதிக்கே கட்டுப்பட்டது. துலாவின்மேல் ஒருவர் சில அடி நடக்க, அதன் நீண்ட முனை வாளியை ஆழத்துக்கு இறக்கும்.

விதி ஒன்றே, பயன்தான் வேறு. துலா தோட்டத்துக்கு நீரூட்டியது. திரையிலே சுடப்பட்டு வீழ்பவன் மறுகணமே எழுந்துவிடுகிறான். என் வகுப்பறையிலிருந்து போர் கொண்டுசென்ற பிள்ளைகள் எழவில்லை.

பெற்றோர்களே, விளையாடும் பிள்ளையின் அருகே சற்று அமருங்கள். கருவியின் கணக்கையும் நாம் கடந்துவந்த கதையையும் சேர்த்தே கூறுங்கள், தமிழிலேயே கூறுங்கள்.