நான்கு கால்கள்

எமது தோட்டப் பாடசாலைக் கணினி ஒன்று பத்து நிமிடத்துக்கொருமுறை தானாக அணைந்தது. சாதாரண தரச் செயன்முறை வேலையைப் பாதியில் இழந்த மாணவி, "சேர், நா ஒன்னும் செய்யல" என்றாள். உண்மைதான். முதல்நாள் தூசு துடைக்கக் குளிர்விப்பானைக் கழற்றிப் பூட்டியவன் நான்.

திறந்து பார்த்தேன். விசிறி சுழன்றது. நடுவில் செப்புக் கட்டை, அதைச் சுற்றிக் கதிர்கள்போல் விரிந்த அலுமினியச் செட்டைகள். நல்ல வேலைப்பாடு. குறை கால்களில்தான். 2004இல் இன்டெல்லின் 775 சொக்கட்டோடு வந்த முறை இது: நான்கு பிளாஸ்டிக் கால்களை அழுத்தினால் 'டக்' என்று தாய்ப்பலகையில் பூட்டிக்கொள்ளும். பலகையைக் கழற்றத் தேவையில்லை. அது பெரிய வசதி. ஆனால் ஒரு கால் பிடிக்காவிட்டாலும் அடிப்பாகம் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். மயிரிழை இடைவெளி போதும்; சூடு வெளியேறாமல், புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

அந்த 'டக்'கை நம்பித்தான் நானும் மூடியிருந்தேன். இரத்தினபுரி மழை தகரக் கூரையில் கொட்டும்போது எந்த 'டக்' கேட்கும்?

பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, பயறளவு புதுப்பசை வைத்து, கால்களை மூலைக்கு மூலை அழுத்தினேன். இம்முறை பலகையின் பின்புறம் டோர்ச் அடித்து, நான்கும் வெளியே வந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

மாணவி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டு வரிக்கொருமுறை சேமித்தாள்.