எருக்கம்புதரில் ஒரு வெந்தய வரியன்

ஆயாவின் விளக்குமாற்றுச் சத்தம் சட்டென்று நின்றால், எருக்கம்பூவில் அது வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய மனை, 1998-இல் நாலு மூலைக்கல்லும் எருக்கம்புதருமாகக் கிடந்தது. வெயில் ஏற ஏற வெந்தய வரியன்கள் வரும். வறுத்த வெந்தயத்தின் நிறம், சிறகு நுனியில் கருப்பு, அதில் வெள்ளைத் திட்டு. எருக்கிலை தின்று வளரும்போதே அதன் நஞ்சை உடம்பில் ஏற்றிக்கொண்ட பூச்சி. பறவைகள் பெரும்பாலும் தொடாது. அதனால்தானோ என்னவோ, அப்படியொரு அவசரமில்லாத பறப்பு. இலையைத் திருப்பினால் அடியில் முட்டை, ஒன்றே ஒன்று, குண்டூசித் தலையளவு. பக்கத்து இலையில் கருப்பு வெள்ளை மஞ்சள் வரிகளோடு புழு, முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு. எருக்கம்மொட்டை அமுக்கினால் டப்பென்று வெடிக்கும். அந்த டப். உங்கள் விரலுக்கும் அது ஞாபகம் இருக்கும்.

“பாலு கண்ணுல பட்டுடப் போவுது. கையக் கழுவிக்கினு வா கண்ணு.”

அந்தக் குரலை நான் எந்த கேசட்டிலும் பதிந்து வைக்கவில்லை.

மாமாவிடம் இரவல் வாங்கிய கேமரா. ரோலுக்கு 36 படம். கிட்டே போனால் கலங்கும், எட்டி நின்றால் பூச்சி வெறும் புள்ளி.

இப்போது டொராண்டோவில், சிறகின் செதில்களை ஓடு வேய்ந்ததுபோல் காட்டும் லென்ஸ் வைத்திருக்கிறேன். கொல்லையில் எருக்கின் உறவான பால்செடி. வெந்தய வரியனின் பங்காளியான மொனார்க் ஜூலையில் வருகிறது, உட்காருகிறது. பெருக்குவதை நிறுத்திவிட்டு, எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் யாருமில்லை.

மனையில் மூன்று மாடி எழுந்துவிட்டது. போன மாதம் தம்பி போனில் சுற்றிக் காட்டினான். காம்பவுண்டு ஓரமாக எருக்கு ஏதாவது இருக்கிறதா பார் என்றேன். இல்லை என்றான்.

எகிப்தில் சுமார் 3,500 ஆண்டுக்கு முந்தைய கல்லறைச் சுவரில் இதே வெந்தய வரியனைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு படம். ஆரஞ்சுக் கலங்கல். பின்சிறகின் நடுவே கரும்பொட்டு நாலென்றால் ஆண், மூன்றென்றால் பெண். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. விளக்கடியில் வைத்து எண்ணிப் பார்க்கிறேன். மூன்றா, நாலா, பிடிபடவில்லை. மூலையில், எட்ட இருந்ததாலோ என்னவோ, தெளிவாக விழுந்திருக்கிறது விளக்குமாறு. அதைப் பிடித்திருக்கும் கை, மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது.