உப்புக்காத்து ஊர்ல ஒரு ஆஸ்டின்!

லீவு விட்டா ஊட்டி, காசு இல்லேன்னா மகாபலிபுரம்... நம்ம டூர் மேப் அவ்வளவுதானே? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாறுதலுக்கு வடக்குப் பக்கம் வாங்களேன் ஃப்ரெண்ட்ஸ்! 2021-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ நீண்டுவிட்டது. ஏசியில் உட்கார்ந்தபடியே திருவொற்றியூர் வந்து இறங்கலாம்.

‘அங்க என்ன பாஸ் இருக்கு, லாரிதானே?’ என்று நீங்க இழுப்பது காதில் விழுகிறது. லாரியும் இருக்கு. தியாகராஜ சுவாமியும் வடிவுடையம்மனும் இருக்காங்க. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கு. ஆனா, மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இந்த ஊரில் முதலில் கண்ணில் படுவது வேற ஒண்ணு... துரு!

ஜன்னல் கம்பி, கேட் கீல், மொட்டை மாடி டேங்க் ஸ்டாண்டு, பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள்... கிழக்கே கடல் பார்த்த எந்த வீட்டில் வேணும்னாலும் விரலால் தேய்ச்சுப் பாருங்க. விரல் காவி நிறமாயிடும். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூணும் சேர்ந்தால் துரு என்பது ஸ்கூல் பாடம். அதில் உப்பு சேர்ந்தால் ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அப்போ துரு நடையை விட்டு ஓட ஆரம்பிச்சிடும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு ஒரு போர்வை மாதிரி உலோகத்தை மூடிக் காப்பாற்றும். இரும்புத் துரு அப்படி இல்லை. இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைச்சு, செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே இருக்கும் புது இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்கும் ஃப்ரெண்டு மாதிரி!

இப்படிப்பட்ட ஊரில், எழுபது வயசைத் தாண்டிய ஒரு காரை வீட்டிலேயே வெச்சு உயிர் கொடுக்க முடியுமா? அந்தக் கதைக்குப் போறதுக்கு முன்னாடி, ஊரை ஒரு ரவுண்டு பார்த்துடலாம்.

ஒரே ரோட்டில் ஒரு முழு வண்டி

திருவொற்றியூர் ஹைரோடு சாதாரண ரோடு இல்லை பாஸ். கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் ஒரு கொட்டகையில் ரப்பர் பலூன் செய்ய ஆரம்பிச்சது இந்த ஊரில்தான். அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர். இரும்பைத் தேய்க்கிற சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் இங்கேதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு இங்கிலாந்துக் கம்பெனி கைகோத்து உருவான என்ஃபீல்டு இந்தியா, புல்லட் வண்டியைச் செய்ததும் இங்கேதான். 1970-ல் இங்கிலாந்தில் கடையைக் கட்டிட்டாங்க. ஆனா திருவொற்றியூரில் புல்லட் நிக்கவே இல்லை. 1977-ல் இங்கேயிருந்து அதே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியே ஆச்சு! பெற்றவங்க கைவிட்ட வண்டியை வளர்த்து, பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பின ஊர் இது.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் எண்ணூர். அசோக் லேலண்டுன்னா லாரி, பஸ் என்றுதானே நினைப்போம்? அதோட ஆரம்பம் கார்! 1948-ல் ரகுநந்தன் சரண் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் (அசோக் என்பது அவர் மகன் பெயர்), 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரை அசெம்பிள் பண்ணத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்ததை இங்கே கோத்து, காராக ரோட்டில் விட்டார்கள். 1955-ல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்டு ஆனது. கார் போய் லாரி வந்தது.

அந்த ஏ40 டெவன் எப்படி இருக்கும் தெரியுமா? உருண்டையான மட்கார்டு, பானெட் நுனியில் இறக்கை விரித்த ‘ஏ’ எழுத்து, இண்டிகேட்டருக்குப் பதிலா பக்கவாட்டில் கை நீட்டுவது போல் எட்டிப் பார்க்கும் சின்னக் குச்சி. 1200 சி.சி., 4 சிலிண்டர், 40 குதிரைசக்தி. இன்னிக்கு நம்ம பைக்கிலேயே அந்த சக்தி கிடைக்குது. ஆனா, அதன் அழகு?

காயலான் கடை வரைக்கும் போன கார்

அப்படி ஒரு டெவன், திருவொற்றியூரில் எங்க மாமா வீட்டுச் சந்தில் கிடந்தது. மாமாவோட அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கினது. 90-களில் நின்னு போச்சு. அதுக்கப்புறம் தார்ப்பாய், அதன் மேல் பழைய பாய், அதன் மேல் குட்டி போட்ட பூனை.

2021-ல் ஒரு நாள் காயலான் கடைக்காரர் வந்தார். கண்ணாலேயே எடை போட்டார். அவர் சொன்ன விலைக்கு ஒரு நல்ல செல்போன் வாங்கலாம். “இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கே, கொடுத்துடுங்க” என்பது அத்தையின் கட்சி. மாமா தார்ப்பாயைத் தூக்கினார். அவ்வளவுதான்... கார் தரையில் கால் வெச்சா தெருவில் நிற்கலாம். ஃப்ளோர் முழுக்க ஓட்டை! மழைக்குப் பாதுகாப்பு என்று போட்ட தார்ப்பாய், உள்ளே ஈரத்தைப் பிடிச்சு வெச்சு, இருபது வருஷமா காரை வேக வெச்சிருக்கு.

ஆனா டெவனுக்கு ஒரு நல்ல குணம். பாடி வேறு, சேஸிஸ் வேறு. சேஸிஸ் தாக்குப் பிடிச்சிருந்தால் மேலே உள்ளதை வெட்டி ஒட்டிக்கலாம். சுத்தியலால் தட்டிப் பார்த்தார் எதிர்வீட்டுத் தாத்தா. எண்ணூர் லாரித் தொழிற்சாலையில் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஆஸ்டின் காலத்து ஆளுங்களிடம் தொழில் கத்துக்கிட்டவர். ‘டங்’னு சத்தம் வந்தா இரும்பு, ‘சொத்’துன்னா துரு. டங், டங், டங்... “ஓடும்பா” என்றார். காயலான் கடைக்காரர் டீ மட்டும் குடிச்சிட்டுப் போனார்.

அடி மேல் அடி

‘அப்புறம் என்ன, ஆறு மாசத்தில் ரெடியா?’ன்னு கேக்காதீங்க. அடி மேல் அடி!

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. நாலு பிளக்கையும் கழட்டி, ஓட்டைகளில் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊத்தி, தினமும் ஹேண்டிலைப் போட்டு லேசா அசைக்கணும். பலம் காட்டக் கூடாது. காட்டினால் பிஸ்டன் ரிங் உடைஞ்சிடும். பதினோராவது நாள் ஹேண்டில் ஒரு இஞ்ச் நகர்ந்தது. வீடே கைதட்டியது, அத்தை உட்பட!

அடுத்து ஸ்பேனர். நம்ம மில்லிமீட்டர் செட்டு பழைய பிரிட்டிஷ் போல்ட்டுகளுக்குச் சரிப்படாது. போட்டுத் திருகினால் போல்ட் தலை வழுக்கை ஆயிடும். விட்வொர்த் அளவு ஸ்பேனர் தேடி புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று மாமா அலையோ அலை. கடைசியில் அது எதிர்வீட்டுத் தாத்தாவின் பரணில் இருந்தது!

சின்னப் பாகங்களுக்குத் துரு எடுக்க ஒரு சூப்பர் வழி இருக்கு. பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர், அதில் சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் ஒயரைத் துருப்பிடிச்ச பாகத்திலும், பாசிட்டிவ் ஒயரை ஒரு வேண்டாத இரும்புத் துண்டிலும் மாட்டணும். ராத்திரி போட்டால் காலையில் துரு கழண்டு வரும். ரெண்டு எச்சரிக்கை. ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் வெட்டவெளியில்தான் செய்யணும், பக்கத்தில் பீடி கூடாது. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். இன்னொண்ணு, பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். தூசியை ஊதாதீங்க, நனைச்சுத் துடைங்க.

டிங்கர் அண்ணன் ஃப்ளோரை வெட்டி, புதுத் தகடு வெச்சு, கேஸ் வெல்டிங் முடிச்சார். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கழுவி, ரெட் ஆக்சைடு அடிச்சு, பட்டி பார்த்து, பெயிண்டும் ஏத்தியாச்சு. பளபள! 2022-ல் அடைமழை முடிஞ்சு பார்த்தால்... கதவு முழுக்க அம்மை போட்ட மாதிரி கொப்புளம். நகத்தால் கீறினால் உள்ளே மறுபடியும் காவிப் பொடி. ஒரு வருஷத்துச் சம்பளச் சேமிப்பு போச்சு. மாமா ரெண்டு நாள் சாப்பிடவே இல்லை.

டிங்கர் அண்ணனை எல்லோரும் குறை சொன்னாங்க. தாத்தா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எந்தத் தண்ணியில கழுவுனீங்க?”

போர் தண்ணி!

திருவொற்றியூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறியிருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். வாயில் வெச்சால் கரிக்கும். அதே தண்ணீரில் கழுவிக் காயவிட்டால், உப்பு தகட்டிலேயே தங்கிடுது. அதுக்கு மேல் பெயிண்ட் அடிச்சால், திருடனை உள்ளே வெச்சுப் பூட்டின கதைதான். கொரோஷன் பாடத்தில் நான் நல்ல மார்க் வாங்குவேன் ஃப்ரெண்ட்ஸ். ஆனா ‘எந்தத் தண்ணி’ என்ற கேள்வி எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

எல்லாத்தையும் சுரண்டி, மறுபடி முதலில் இருந்து. இந்த முறை கேன் தண்ணி. “குடிக்கிற தண்ணியை காருக்கு ஊத்துறாரே மனுஷன்!” என்று அத்தை தலையில் அடிச்சுக்கிட்டாங்க. கழுவின உடனே துடைச்சு, வெயிலில் காய வெச்சு, சாயங்காலக் கடல் காத்து வர்றதுக்குள் பிரைமர். ஒரு நாளில் ஒரு கதவுதான்.

நாலு கதவும் முடியும்போது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல்! தெருவில் தண்ணீர் ஏறியது. ஜாக்கி போட்டு, செங்கல் அடுக்கி, காரைத் தூக்கினோம். அப்படியும் ஆக்சில் வரைக்கும் தண்ணீர். டெவனில் முன் பிரேக் ஹைட்ராலிக், பின் பிரேக் இரும்புக் கம்பிகளால் இயங்குவது. அந்தக் கம்பிகள் அத்தனையும் இறுகிப்போச்சு. ஆனா, அந்த வாரம் யாரும் காரைப் பத்திப் பேசலை. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துக் கிடந்த வாரம் அது. தொழில் போன மனுஷங்க தெருவில் நிக்கும்போது, காருக்கு என்ன அவசரம்? மூணு மாசம் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

கிடைக்காத ஸ்பேர் பார்ட்

பிரேக் கம்பியை லேத்தில் கடைஞ்சு வாங்கினோம். ஒயரிங் செய்ய வந்த எலக்ட்ரீஷியன், இந்தக் கால வழக்கப்படி பேட்டரியின் நெகட்டிவை பாடியோடு சேர்த்துட்டார். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளில் பல, பாசிட்டிவை பாடியில் சேர்ப்பவை. கட்-அவுட் கருகிப் போச்சு. அதையும் தாத்தாதான் கண்டுபிடிச்சார், வாசனையை வெச்சே!

இதில்தான் விஷயமே இருக்கு. தகடு கிடைக்குது. இல்லாத கம்பியை லேத்தில் கடையலாம். ஆனா இந்த ஆளை எந்தக் கடையில் வாங்குறது? தாத்தாவுக்கு வயசு 77. கண்ணில் புரை. வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்துட்டு, “தகடு உள்ள போகும்போது லேசா பிடிக்கணும், வெண்ணெய்ல கத்தி போற மாதிரி. வழுக்குனா லூசு, முட்டுனா டைட்டு” என்றார். முதல் நாள் எனக்கு ஒண்ணும் புரியலை. நாலாவது ஞாயிறு விரலுக்குப் புரிஞ்சுது. ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் வெச்சு, பிடியைக் காதில் வெச்சு, எந்த வால்வு சத்தம் போடுதுன்னு சொல்றதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

“இரும்பு மண்ணுலேர்ந்து வந்தது தம்பி. எப்ப விட்டாலும் மண்ணாத்தான் போகப் பாக்கும். நாம வுடாம இருக்கணும், அவ்ளோதான்.”

மெட்டலர்ஜி புத்தகமும் இதையேதான் சொல்லுது. என்ன, கொஞ்சம் நீட்டி!

2025 ஜனவரியில் கார் கிளம்பியது. தெருவைச் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு, முன் சீட்டில் தாத்தா. சுபம் போட்டுடலாமா? முடியாது பாஸ். அன்னிக்கு சாயங்காலமே காரைத் துடைக்கணும். இன்னிக்கும் வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, அடியில் எண்ணெய் தடவணும். கடல் லீவு எடுக்காது.

நீங்களும் ரெடியா?

உங்க வீட்டிலோ, தாத்தா ஊரிலோ இப்படி ஒரு வண்டி கிடந்தால் சில டிப்ஸ். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்திருக்கு. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அதனால் ‘ஸ்பேர் கிடைக்கலை, டீசல் இன்ஜினை மாட்டிடலாம்’ என்று யாராவது ஐடியா கொடுத்தால் யோசிங்க. ‘விஏ’ வரிசையில் நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினமும் காலேஜுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது மாதிரி விஷயங்களுக்குத்தான்.

வண்டி இல்லையா? பரவாயில்லை. மெட்ரோ ஏறி திருவொற்றியூர் வாங்க. ரிட்டயர் ஆன ஃபிட்டர், டர்னர், வெல்டர், பெயிண்டர்... சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெருசுகளில் பாதிப் பேர் அவங்கதான். ‘தாத்தா, நீங்க எந்த செக்‌ஷன்?’ என்று மட்டும் கேளுங்க. மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க. நம்ம லேப் மேனுவலில் இல்லாதது நிறைய இருக்கு அவங்ககிட்ட. சீக்கிரம் கேட்டுக்குங்க.

போறப்ப டீ உங்க செலவு. அப்படியே ரெண்டு கேன் நல்ல தண்ணி எடுத்துட்டு வந்தீங்கன்னா, எங்க அத்தை உங்களுக்கு மீன் குழம்பே ஊத்துவாங்க!