பரணில் சேர்த்த புகையிலை

கெட்ட காலம் வரப்போகிறது என்று நம்பி வீட்டில் சரக்குச் சேர்க்கும் கூட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அரிசி, உப்பு, தீப்பெட்டி, மருந்து சேர்ப்பது புரிகிறது. பீடி, சிகரெட் தொடாதவர்கள்கூட டப்பா டப்பாவாக உதிரிப் புகையிலை வாங்கி அடுக்குவதுதான் எனக்குப் புரியவில்லை. டாலர் செல்லாமல் போனால் அதைக் கொடுத்து முட்டை, டீசல் எல்லாம் வாங்கிக்கொள்ளலாமாம். சிகரெட்டாகச் சேர்த்தால் வரி கட்டி மாளாது; பைப் புகையிலைக்கு அங்கே வரி குறைவு. கணக்கு சரிதான். ஆனால் உதிரிப் புகையிலை பணமாக ஓடியதற்கு யார் சாட்சி? தேடிப் பார்த்தேன்.

எல்லோரும் கைகாட்டுவது இரண்டாம் உலகப் போரை. தோற்றுப்போன ஜெர்மனியில் 1948 ஜூன் 20 அன்று புது மார்க் வரும்வரை அமெரிக்க சிகரெட்டுக்குத்தான் மரியாதை. அது சிகரெட். உதிரிக்குச் சாட்சி தேடியபோது ஆர். ஏ. ராட்ஃபோர்டு கிடைத்தார். பொருளாதாரம் படித்தவர், போரில் பிடிபட்டு முதலில் இத்தாலியிலும், பிறகு ஜெர்மனியில் ஸ்டாலக் 7ஏ முகாமிலும் கைதியாக இருந்தவர். அங்கே கண்டதை 1945 நவம்பரில் ‘எக்கனாமிகா’ இதழில் கட்டுரையாக எழுதினார்.

செஞ்சிலுவைச் சங்கம் தலைக்கு வாரம் 25 அல்லது 50 சிகரெட் கொடுத்தது. ரொட்டி, ஜாம், சட்டை துவைக்கும் கூலி எல்லாவற்றுக்கும் விலை சிகரெட்டில். உருது தெரிந்த ஒருவர் சீக்கியக் கைதிகளிடம் இறைச்சி டின்களை வாங்கி, பதிலுக்கு வெண்ணெயும் ஜாமும் விற்று லாபம் பார்த்தார். செய்தி பரவியதும் போட்டிக்கு ஆள் வந்து லாபம் குறைந்தது. நம் ஊர்ச் சந்தையில் நடப்பதும் இதுதானே!

எனக்கு வேண்டியது இதே கட்டுரையில் வேறோர் இடத்தில் இருந்தது. சில சமயம் சிகரெட்டுக்குப் பதில் பைப் புகையிலை வந்தது. ஒரு அவுன்ஸ் 25 சிகரெட்டுக்குச் சமம் என்பது கணக்கு. கொஞ்சம் மெல்லிசாகச் சுருட்டினால் அதே அவுன்சில் 30 தேறும். ஐந்து சும்மா கிடைக்கிறதென்றால் விடுவார்களா? மெஷினில் செய்த சிகரெட்டையும் பிரித்துக் கொட்டி மறுபடி சுருட்டினார்கள். நல்ல சிகரெட் சந்தையிலிருந்தே காணாமல் போனது. பிறகு ஒவ்வொரு சிகரெட்டையும் உருட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஒல்லியாக இருந்தால் திருப்பிக் கொடுத்தார்கள், இல்லையென்றால் மேலே ஏதாவது போடச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் பழகிப்போன பணத்தை உதிரிப் புகையிலை சில நாளில் கெடுத்து வைத்தது. சாட்சி கிடைத்துவிட்டார்; அவர் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்கிறார்.

அப்படியானால் எண்ணிக் கொடுக்க முடியாத புகையிலை எங்குமே பணமாக ஓடவில்லையா? ஓடியது. அதற்கு இன்னும் முந்நூறு வருடம் பின்னால், வர்ஜீனியாவுக்குப் போக வேண்டும். நாணயத்துக்குப் பஞ்சமான அந்தக் காலனியில் 1619லேயே சட்டசபை புகையிலைக்கு விலை வைத்தது: முதல் தரம் ராத்தல் மூன்று ஷில்லிங், இரண்டாம் தரம் பதினெட்டுப் பென்ஸ். 1621இல் லண்டனிலிருந்து மணப்பெண்களைக் கப்பலேற்றி அனுப்பிய கம்பெனி, பயணச் செலவுக்குக் கணவன்மாரிடம் கேட்டது தலைக்கு 150 ராத்தல் நல்ல இலை. பிற்பாடு பாதிரியாரின் ஆண்டுச் சம்பளம் 16,000 ராத்தல்.

வயலில் விளைவதே பணம் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? ஆளாளுக்குப் பயிரிட்டார்கள், விலை விழுந்தது. விலையைத் தூக்கி நிறுத்த 1682இல் கும்பலாகப் போய் அடுத்தவன் வயல் செடியையும் வெட்டிச் சாய்த்தார்கள். இன்னொரு தொல்லை, கடன் அடைக்க வந்தால் அழுகலும் காம்புமாக மட்ட சரக்கைத் தள்ளிவிடுவது. நல்ல சரக்கு ஏற்றுமதிக்கு, குப்பை பாதிரியாருக்கு. வாசனை இலை விளையும் ஊர்களுக்குத்தான் பாதிரியார்கள் விரும்பிப் போனார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

1730இல்தான் இதற்கு வழி பிறந்தது. ஆளுநர் வில்லியம் கூச் கொண்டுவந்த சட்டப்படி ஏற்றுமதிப் புகையிலை முழுக்க அரசுக் கிடங்குக்கு வர வேண்டும். பீப்பாயை உடைத்து, இலையைப் பிரித்துப் பார்த்து, மட்டமானதை அங்கேயே கொளுத்திவிட்டு, மிச்சத்துக்கு எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கடைவீதியில் கைமாறியது அந்தச் சீட்டு. சரக்கு கிடங்கைவிட்டு நகரவில்லை. பக்கத்து மேரிலாந்து இப்படியொரு சட்டம் போட 1747 ஆனது.

பரணில் டப்பா அடுக்குகிறவரிடம் கிடங்கும் இல்லை, சீட்டு எழுதிக் கொடுக்க ஆளும் இல்லை. முகாமிலாவது வாராவாரம் புதுச் சரக்கு வந்தது. இவருடையது மூடி சரியில்லையென்றால் காய்ந்து பொடியாகும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். முட்டைக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்க்காமல் வாங்கமாட்டார். அவர் புகைக்காதவராக இருந்தால் பேரமே இல்லை.